ஆமாம், என் இரத்தம்தான்

அன்புள்ள மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. எனக்கு அப்படி ஆவல் எதுவும் இல்லை. உன் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்க்கத்தான் ஆவல். போனில் இந்தப் பேச்சை எடுத்தால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. கொழும்பில், அதுவும் புறக்கோட்டையில், துணிக்கடை மாடியில் இருக்கிற உனக்குச் சிக்னல் இல்லை. தெஹியோவிட்டைக்கு மேலே ரப்பர் மரங்களுக்கு நடுவில் லயத்து வரிசை வீட்டில் இருக்கிற எனக்குக் கோடு முழுசாக நிற்கிறது. நல்ல அதிசயம். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. மடித்து ஒரு பக்கம் வைக்கலாம், ஆனால் நீ வைக்க மாட்டாய். சின்ன வயதிலிருந்தே வடை சுற்றி வந்த தாளைக்கூடப் படிக்காமல் விட்டதில்லை நீ.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அப்பாவும் ருவான்வெல்லைப் பக்கம் போய் நித்யாவின் வீட்டில் பெண் கேட்டோம். "எதையும் சொல்லிடாதம்மா, கல்யாணம் முடியட்டும், பொறகு பாத்துக்கலாம்" என்று நீ சொல்லியிருந்தாய். நான் சொல்லிவிட்டேன்.

படபடக்காதே, உட்கார். உன் வியாதியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. என் வியாதியைச் சொன்னேன். என் கால், என் தோல், என் கிட்னி. அதை யாரிடம் சொல்வது, எங்கே சொல்வது என்று எனக்கு யாரும் உத்தரவு போட முடியாது, நீயும்தான். உன் விஷயம் உன்னுடையது என்பதால் இந்தக் கடிதத்தை நன்றாக ஒட்டித்தான் அனுப்புகிறேன். பெற்றவர்கள் பிள்ளைக்கு எழுதினால் கடைசியில் எங்காவது ஒரு மன்னிப்பு வரும் என்பார்கள். இதில் தேடாதே, கிடைக்காது.

நீ பிறந்தபோது உன் முதுகிலும் தொடையிலும் வெள்ளைத் திட்டுகள் இருந்தன. சின்னதும் பெரிதுமாக, இலை இலையாக. வேறு ஊரில் பிறந்திருந்தால் தேமல் என்றோ மச்சம் என்றோ சொல்லியிருப்பார்கள். ரப்பர் தோட்டத்துக்காரர்களுக்குத் தோல் வெளுக்க ஒரே காரணம்தான் தெரியும். ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுகிறோமே அசிட், அது பட்டால் தோல் வெளுத்துவிடும். நீ வயிற்றில் இருந்தபோது நான் பால் ஊற்றுகிற கொட்டகையில் வேலை செய்தேன். அவ்வளவு போதாதா? "வயித்துப் புள்ளையோட அசிட் வாளி தூக்குனா, இப்ப புள்ள வெந்து பொறந்திருக்கு" என்று லயம் முழுக்கப் பேச்சு. வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைமேல் அசிட் எப்படித் தெறிக்கும் என்று யாருமே கேட்கவில்லை. ஏன், நானும்தான் கேட்கவில்லை. இராத்திரியானால் என் கையைக் கையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

அதற்குப் பிறகு உனக்கு வலிப்பு வந்தது. முதல் தடவை, வேலைக்குப் போகும்போது உன்னை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில், மற்றப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தபோது. வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது நம் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். எல்லோர் வீட்டிலும் சாவிக்கொத்து எடுப்பார்கள். பால்வெட்டுக்காரன் வீட்டில் கைக்கு எது அகப்படும்? மலையிலிருந்து ஓடிவந்த உன் அப்பா இடுப்பில் இருந்த பால்வெட்டுக் கத்தியை எடுத்து உன் கைக்குள் வைத்து அழுத்திவிட்டார். உன் வலது உள்ளங்கையில் இருக்கிற தழும்பு அதுதான். கீழே விழுந்து வெட்டுப்பட்டது என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தோம். அந்த மனிதர் இன்றைக்கும் நீ கை நீட்டிச் சோறு வாங்கும்போது வேறு பக்கம் பார்ப்பார், நீ கவனித்திருக்கிறாயோ என்னவோ.

பிறகு பள்ளிக்கூடம் போகிற வயதில் மூக்கின் இரண்டு பக்கமும், கன்னத்திலும் சிவப்புச் சிவப்பாகப் பொரிப்பொரியாய் வந்தது. பரு என்றார்கள். அம்மாள் போட்ட முத்து என்றார்கள். ஒரு டொக்டர் வலிப்பைப் பார்த்து மாத்திரை கொடுத்தார், வலிப்பு நின்றது. இன்னொரு டொக்டர் முகத்தைப் பார்த்து களிம்பு கொடுத்தார், ஒன்றும் நிற்கவில்லை. முதுகை யாருமே பார்க்கவில்லை. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நீயோ கொரோனா வந்ததும் ஒரு மாஸ்க்கை எடுத்து மாட்டினாய். ஊரெல்லாம் கழற்றி எறிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. உன்னுடையது மட்டும் காதை விட்டு இறங்கவே இல்லை.

அன்றைக்கு, சித்திரை வருஷப் பிறப்பு விளையாட்டில், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் வொலிபோல் ஆடிக்கொண்டிருந்தவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். பந்து பட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பின்னால் போய் வந்து, "அம்மா, ஒன்னுக்கு செவப்பா போகுது" என்றாய். அப்போது உன் முகம் வெளுத்திருந்தது. அவிசாவளைக்கு திரீவீலில் போய், அங்கிருந்து அம்புலன்ஸில் கொழும்புக்குப் போய், இரத்தம் ஏற்றி, தொடை வழியாக ஒரு மெல்லிய கம்பியை விட்டு கிட்னிக்குள் இரத்தம் ஒழுகிய இடத்தை அடைத்தார்கள். வயிற்றைக் கிழிக்காமலே அடைத்துவிட்டார்கள் என்று உன் அப்பா இன்றைக்கும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிகிறார், ஏதோ அவரே அடைத்த மாதிரி.

அதற்குப் பிறகு வந்த கிளினிக் நாள் உனக்கு நினைவிருக்கும். உனக்கு அது வெட்கக்கேடான நாள், எனக்கு இல்லை. டொக்டர் அறைக்கு முன்னால் நான் செருப்பைக் கழற்றினேன். வேண்டுமென்று கழற்றவில்லை, கால் தானாகக் கழற்றியது. தோட்டத்து ஆபீஸ் படியில் நாம் யாரும் செருப்போடு ஏறியதில்லை. அப்படி ஒரு சட்டம் எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. என் அப்பா கழற்றினார், நானும் கழற்றினேன். மேசைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவருக்கு முன்னால் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும் என்று உடம்புக்கே பழகிப்போய்விட்டது. "செருப்ப போடும்மா, இது என்னா தொர ஆபீஸா? மானத்த வாங்காத" என்று நீ பல்லைக் கடித்தாய். எனக்குத் திரும்பிப் போய் எடுக்க நேரமில்லை, உன் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த டொக்டர் நோனா, பெண்தான், உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். உன் படங்களைப் பார்த்தபடி பேசிக்கொண்டே வந்தவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. "ஓய ககுல பென்னன்ன அம்மே" என்றார். அந்தக் காலைக் காட்டுங்கள் அம்மா. அறையைச் சேறாக்கிவிட்டேன் என்று திட்டப் போகிறார் என்று நினைத்து நான் காலை இழுத்துச் சேலைக்குள் ஒளித்தேன். அவர் எழுந்து வந்து தரையில் உட்கார்ந்தார். தரையில், தம்பி. உட்கார்ந்து என் கட்டை விரலைப் பிடித்துப் பார்த்தார். நகத்தின் ஓரத்தில் அரிசிப் பருக்கை மாதிரி சதை முளைத்திருக்கிறதே, அது. அது கால் ஆணி என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஈரத்திலும் மேட்டிலும் நடந்து திரிகிற காலுக்கு ஆணி வராமல் என்ன வரும்? சேலை ஓரத்தில் மாட்டும்போதெல்லாம் பால்வெட்டுக் கத்தியால் சீவிவிடுவேன். மறுபடி முளைக்கும், மறுபடி சீவுவேன். டொக்டரிடம் அதைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் என் முதுகைப் பார்த்தார். இடுப்புக்கு மேலே தோல் தடித்திருக்கும், பால் வாளி தூக்கிக் காய்த்துப் போனது என்று நினைத்திருந்தேன். அதற்குப் பக்கத்தில் இலை இலையாக வெள்ளைத் திட்டு. என் முதுகை நான் எப்படிப் பார்ப்பேன்?

எனக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு கிட்னியிலும் கட்டி. உன்னுடையதைவிடச் சின்னது, ஆனால் அதே கட்டி. டொக்டர் சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னதை நான் உன்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டேன், ஏனென்றால் நீ கேட்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால் மறுபடி சொல்கிறேன். இது டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ். வாயில் நுழைகிற வரைக்கும் அடுப்படியில் சொல்லிச் சொல்லிப் பழகிய பெயர். அசிட்டும் இல்லை, அம்மாளும் இல்லை, யார் செய்த பாவமும் இல்லை. பிறக்கும்போதே உடம்புக்குள் இருக்கிற ஒரு சின்னக் கோளாறு. அதுதான் தோலில் திட்டாகவும் பொரியாகவும் வருகிறது, மூளையில் வலிப்பாக வருகிறது, கிட்னியில் கட்டியாக வருகிறது. கட்டி என்பது கொழுப்பும் இரத்தக் குழாயும் சேர்ந்த உருண்டை. புற்றுநோய் இல்லை. ஆனால் பெரிதாக வளர்ந்தால் உள்ளே இருக்கிற குழாய் வெடித்து இரத்தம் போகும், உனக்குப் போனதே, அப்படி. வளர்கிறதா என்று வருஷா வருஷம் பார்க்க வேண்டும். வளர்ந்தால் சுருக்க மருந்து இருக்கிறது, அடைக்கக் கம்பி இருக்கிறது. பார்க்காமல் விட்டால்தான் ஒன்றும் செய்ய முடியாது. உன் மற்றக் கிட்னியில் இருக்கிற கட்டி வளர்கிறது என்று அவர் சொன்னார். அதற்குப் பிறகு நீ கிளினிக்குக்கே போகவில்லை. போகவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. என்னைக் கூப்பிடுகிற அதே தாதி அடுத்ததாக உன் பெயரைக் கூப்பிடுகிறாள், கூப்பிட்டு என்னைத்தான் பார்க்கிறாள்.

இந்தச் செய்தி லயத்துக்கு வந்தபோது உன் அப்பாவின் சொந்தக்காரர்கள் அசிட் கதையை விட்டுவிட்டார்கள். புதுக் கதை வந்தது. "அவ ரத்தந்தான் சரியில்ல, நம்ம பக்கத்துல யாருக்கு இருக்கு இது?" கேட்டுக் கேட்டு ஒரு நாள் பீலியடியில் எல்லோரும் தண்ணீருக்கு நிற்கும்போது சொன்னேன். ஆமாம், என் இரத்தம்தான். இந்த இரத்தத்தோடுதான் மழையிலும் அட்டைக்கடியிலும் மேடு ஏறிப் பால் வெட்டினேன். உங்கள் எல்லோரையும்விடக் கூடுதலாக வெட்டினேன், கங்காணியைக் கேளுங்கள். இந்த இரத்தத்தோடுதான் ஒரு பிள்ளையை ஏ.எல். பாஸ் பண்ண வைத்தேன். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா? குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு ஒரு சந்தோஷம் வந்தது பார், இவ்வளவு காலமும் இராத்திரியில் கையைப் பார்த்துக்கொண்டு படுத்தவளுக்கு வந்த சந்தோஷம், அதை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நீ என்னிடம் ஒன்று கேட்டாய். கிளினிக் பெஞ்சில், என் ஸ்கேன் முடிவு வந்த அன்றைக்கு. "இது உன்கிட்ட இருந்து வந்ததுன்னு முன்னமே தெரிஞ்சிருந்தா என்னய பெத்திருக்க மாட்டதானே?" அப்போது தாதி உனக்கு இரத்தம் எடுக்க வந்துவிட்டாள். அவள் போன பிறகு நீ கண்ணை மூடிக்கொண்டாய், தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு தாளைச் செலவழிக்கிறேன். பெற்றிருப்பேன். பிறக்கிற பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்று டொக்டர் சொன்னாரே, அதைத் தெரிந்துகொண்டே பெற்றிருப்பேன். தெரிந்திருந்தால் ஒன்றுதான் மாறியிருக்கும். உன்னை அம்மாள் கோயிலுக்கு மட்டுமில்லாமல் ஸ்கேன் எடுக்கவும் தூக்கிப் போயிருப்பேன். இந்தக் கேள்வியை இனிமேல் என்னிடம் கேட்காதே. எனக்குக் கோபம் வரும், அழுகையும் வரும், இரண்டும் சேர்ந்து வந்தால் நான் நல்லவள் இல்லை.

உனக்குப் பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விஷயம். அதை நீயும் கட்டிக்கொள்கிறவளும் டொக்டரிடம் கேட்டு, பேசி முடிவெடுங்கள். நான் மூக்கை நுழைக்க மாட்டேன். சரி, நுழைக்காமல் இருக்கப் பார்ப்பேன். ஆனால் அவளுக்குத் தெரியாமலே நீ ஒருத்தனாக எல்லாவற்றையும் முடிவு செய்துகொண்டு, ஒரு பக்கம் கல்யாணம், மறு பக்கம் வளர்கிற கட்டி என்று நடுவில் நின்று நாளைக் கடத்துகிறாய் பார், அது எனக்குப் பிடிக்கவில்லை. கிளினிக்குக்குப் போகிறதை யாராவது பார்த்து நித்யா வீட்டில் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் உயிரைப் பணயம் வைக்கிறாய். கல்யாண வீட்டில் இரத்தம் ஒழுகி விழுந்தால் அப்போது அவளுக்கு என்ன சொல்வதாக இருந்தாய்? வொலிபோல் பட்டுவிட்டது என்றா?

அதனால்தான் அங்கே அப்படிச் செய்தேன். தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு எல்லாம் வைத்து, பாய்மேல் நடுவில் வைத்தோம். நித்யாவின் அப்பா லொறி ஓட்டுகிறவர் என்றாலும் பேச்சு மெதுவாகத்தான் வருகிறது, நல்ல மனிதர். அவர் தட்டை எடுக்கக் கை நீட்டும்போது, "அண்ணே, எடுக்க முன்ன ஒன்னு பாத்துருங்க" என்றேன். சொல்லிவிட்டு இரண்டு காலையும் சேலைக்கு வெளியே நீட்டினேன். நான்கு பேருக்கு முன்னால் என் கால் விரலை நான் இதுவரை காட்டியதே இல்லை.

"என்னா தங்கச்சி, காலுக்கு என்னா?" என்றார்.

"எனக்கு ஒரு வியாதி இருக்குங்க. கால் ஆணின்னு நெனச்சேன், இல்லையாம். தோல்ல இப்படி தெரியும், கிட்னியில கட்டி வளரும். ஒட்டுற வியாதி இல்ல, கேன்சரும் இல்ல. ஆனா பரம்பரையில வரும். கிளினிக் போய்க்கிட்டு இருக்கேன்."

நித்யாவின் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நல்ல காரியம் பேச வந்த எடத்துல எதுக்குங்க இதெல்லாம்?"

"நல்ல காரியம்ங்கிறதாலதான் சொல்றேன். கெட்ட காரியம்னா பேசாம இருந்திருப்பேன்."

"அப்ப மாப்ளைக்கு?" என்று நித்யாவின் அப்பா கேட்டார்.

"மாப்ளைய பத்தி மாப்ளகிட்ட கேளுங்க. அவருக்கும் வாய் இருக்கு."

உன் அப்பா சுவரில் தொங்கிய கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை என்றால் கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற மனிதர் அவர், உனக்குத் தெரியும். திடீரென்று, கலண்டரைப் பார்த்தபடியே, "சொல்லாம ஒளிக்கிறதுக்கு நாங்க என்னா களவா எடுத்தோம்?" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அவரை மறுபடி கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர்கள் தட்டை எடுக்கவில்லை. திருப்பியும் கொடுக்கவில்லை. பிளேன்டி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தோம். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நித்யா கூடவே வந்தாள். பஸ் ஏறும்போது என் கால்களைத்தான் பார்த்தாள். நானும் நல்லா பார்த்துக்கொள் என்று நின்றேன்.

நேற்று அவள் எனக்குப் போன் எடுத்தாள். "அத்தை, தட்டு இன்னும் சாமி படத்துக்குக் கீழதான் இருக்கு. வாழப்பழம் கறுத்துப் போச்சு. அப்பா எடுக்கவும் விடுறாரு இல்ல, தூக்கிப் போடவும் விடுறாரு இல்ல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு குரலை இறக்கி, "அவரு மொகத்துல உள்ளதும் இதுதானா அத்தை?" என்றாள்.

அவனிடமே கேள் என்றேன்.

"கேட்டேன். சிக்னல் இல்லங்கிறாரு."

கேட்டாயா மகனே? உன் சிக்னல் கதை அங்கேயும் ஓடுகிறதாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, அவள் பாலர் பாடசாலை டீச்சர், பிள்ளைகள் முகத்தைப் பார்த்தே காய்ச்சல் கண்டுபிடிக்கிறவள். "ஒங்களுக்கு அடுத்த கிளினிக் என்னைக்கு அத்தை?" என்றாள். வருகிற வியாழக்கிழமை என்றேன். "நானும் வர்றேன். லீவு சொல்லிட்டேன். அந்த டொக்டர்கிட்ட எனக்கும் கேக்க இருக்கு" என்றாள். அவளுடைய அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர்தான் அவிசாவளை வரைக்கும் லொறியில் இறக்கிவிடுகிறாராம். தட்டை எடுக்கவில்லை, மகளை இறக்கிவிடுகிறார். இதற்கு என்ன அர்த்தம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. கல்யாணம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். நடக்காவிட்டால் நான் அழுவேன். ஆனால் ஒளித்து நடத்திய கல்யாணத்தில் பயந்து பயந்து மூத்திரத்தின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நீ வாழ்வதைவிட, அழுதுவிட்டுப் போகிறேன்.

வியாழக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் அவிசாவளையில் பஸ் ஏறிக் கொழும்பு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவோம். செருப்போடுதான் உள்ளே போவேன், டொக்டர் காலைக் காட்டச் சொன்னால் மட்டும் கழற்றுவேன். உன்னுடைய கிளினிக்கும் அன்றைக்குத்தான் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. புறக்கோட்டையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் என்று உனக்கே தெரியும். அந்த வாசலில் கூட்டம் எப்படி இருக்கும் என்றும் தெரியும், பாதிப் பேர் மாஸ்க் போட்டுக்கொண்டு நிற்பார்கள். அவர்களில் நீ யார் என்று தேடிக்கொண்டிருக்க எங்களுக்கு நேரம் இருக்காது.

முகத்தோடு வா.

உன்னைப் பெற்றவள்